தாழையேந்தல் கண்மாயில் ஊளையிட்ட வாத்துகள்

மழை பெய்தும் கெடுக்கும் காய்ந்தும் கெடுக்கும் என்பார்கள். அந்த வருஷம் மட்டும் அது யாரையும் கெடுக்காமல், ஐப்பசி முழுக்க அளந்து ஊற்றினாற்போலப் பெய்து, தாழையேந்தல் கண்மாயை நிரப்பி, மிச்சத் தண்ணீரை மறுகால் பாயவிட்டு, கார்த்திகை பிறந்ததும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. கலங்கல் தெளிந்து தண்ணீர் கண்ணாடியாக நின்ற வாரத்தில், வருஷா வருஷம் வடக்கேயிருந்து வருகிற செந்தலை வாத்துகள் வந்து இறங்கின. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செங்காவி, நெஞ்சு கறுப்பு, முதுகு சாம்பல், கண்ணுக்குள் ஒரு சிவப்பு. பெட்டைக்கு உடம்பெல்லாம் ஈரமண் நிறம். ஒரு காலத்தில் அவை இறங்கினால் கண்மாய் நடுவே புதிதாக ஒரு திட்டு முளைத்ததுபோல இருக்குமாம். இப்போது வந்தவை ஒரு கைப்பிடி. உலகத்திலேயே இவை குறைந்துகொண்டு வருகின்றன என்று, தூரக்கண்ணாடியோடு வந்து எண்ணிவிட்டுப் போகிறவர்கள் சொன்னார்கள், ஊரும் அப்படியா என்று கேட்டுக்கொண்டது. அது வாய் திறக்காத பறவை. பகலெல்லாம் கோரை ஓரத்தில் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கும், பொழுது சாய்ந்தால் முங்கி முங்கிப் பாசி தின்னும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. அப்பேர்ப்பட்ட வாத்துகளில் ஓர் ஆண், வந்த சில நாளிலேயே, ஊரில் விளக்கு வைக்கிற நேரத்தில், கழுத்தை வானத்துக்கு நீட்டி, அலகைத் திறந்து, ஓநாயாக ஊளையிட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்ட காது ஊரில் அநேகமாக ஒன்றுகூட மிச்சமில்லை. மேற்கே பொட்டலில் இருந்த கடைசி ஓநாய்க்கூட்டத்தை, அது குட்டி போட்டிருந்த வளைக்குள் மிளகாய் வத்தல் மூட்டம் போட்டு, வாயைக் கல்லால் அடைத்து ஒழித்துக்கட்டியவர் ஆட்டுக்கிடைத் தலைவர் வீரணக் கீதாரி. அவர் போய்ச் சேர்ந்தே வெகுகாலம் ஆகிவிட்டது. ஊருக்குத் தெரியாவிட்டால் என்ன, ஆடுகளுக்குத் தெரிந்தது. ஓநாயைக் கண்டிராத தாய்க்குப் பிறந்து, ஓநாயைக் கண்டிராத கிடையில் வளர்ந்த செம்மறிகள் அத்தனையும் மேய்ச்சலை விட்டுத் தலையை உள்ளே கொடுத்து, குட்டிகளை நடுவில் விட்டு, வட்டமாக நின்றுகொண்டன. கண்மாய்க்கரை வயலில் கிடை மறித்திருந்த பொன்னழகு அதைப் பார்த்தாள். வீரணக் கீதாரியின் மருமகள் அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆட்டோடு ஆடாக வெயிலிலும் மழையிலும் கிடந்தவள், ஆடு தும்மினால்கூட எதற்கென்று சொல்லிவிடுவாள், ஆனால் ஆடுகள் இப்படி நின்று அவள் கண்டதில்லை. மயிர்க்கால் ஒவ்வொன்றும் குத்திட்டு நிற்க, கையெடுத்துக் கும்பிட்டாள். எதைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாளும் அதே நேரத்துக்கு வாத்து ஊளையிட்டது, அதற்கு மறுநாளும் ஊளையிட்டது, பிறகு மற்ற வாத்துகளும் ஒன்று தொட்டு ஒன்று எடுத்துக்கொள்ள, ஊர் அதற்குத் தக்கபடி தன்னை நகர்த்தி வைத்துக்கொண்டது. நாய்கள் பொழுது சாயும் முன்பே வாலைக் காலுக்குள் விட்டு டிராக்டர்களின் அடியில் ஒதுங்கின. இட்லிக்கு ஆட்டுகிற பெண்கள், ஊளைக்கு முன்னால் கரைத்து வைத்த மாவுதான் நன்றாகப் பொங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் மாலை விளையாட்டைக் கால்மணி முன்னதாக முடித்தார். பெண் பார்க்க வந்த பரமக்குடிக்காரர்கள் காபி டம்ளரை வாயில் வைக்கும்போது ஊளை எழும்ப, பெண்ணின் தகப்பனார் கொஞ்சமும் அசையாமல், "எங்க கண்மாய் வாத்துதான், சாப்பிடுங்க" என்றார். அந்தச் சம்பந்தம் கூடியும் வந்தது. பையன்கள் செல்போனில் பதிவு செய்து பார்த்தார்கள். போட்டுக் கேட்டால் தண்ணீர் கரையைத் தட்டுகிற சளக் சளக் மட்டுமே வந்தது, அதனால் வெளியூரில் யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும் என்று ஊரும் விட்டுவிட்டது.

பேச்சுமட்டும் ஓயவில்லை. மாயழகின் டீக்கடையில் காலையும் மாலையும் அதே வழக்குத்தான். தூக்குவாளியில் டீ வாங்க வந்த பொன்னழகு ஒரு நாள் அந்த வழக்கைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆட்டோ ஓட்டுகிற சவரிமுத்துதான் அன்றைக்கு வக்கீல்.

"அது ஆட்டைத் தின்னுச்சு, இது பாசியத் திங்கிது. அதுக்கு நாலு காலு, இதுக்கு ரெண்டு காலு. அது பொட்டல்ல கிடந்துச்சு, இது தண்ணியில கிடக்குது. அதைக் கண்டா நாம ஓடுனோம், நம்மளைக் கண்டா இது ஓடுது. எதுலயாச்சும் ஒத்துப்போகுதா, சொல்லுங்க பாப்போம்."

மாயழகு டீயை ஒரு முழம் உயரத்துக்கு ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணு போயிருச்சு, இன்னொண்ணு போயிக்கிட்டு இருக்கு. ஒரே ரோட்டுல போற ரெண்டு வண்டிய்யா. முன்னால போனவன் பின்னால வர்றவன்கிட்ட ஏதோ குடுத்துவிட்ருக்கான்."

"அப்ப இதுவும் போயிருச்சுன்னா, அந்தச் சத்தத்த எதுகிட்டக் குடுத்துட்டுப் போகும்?"

"ஒன் ஆட்டோகிட்டதான்" என்று மாயழகு சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பொன்னழகு சிரிக்கவில்லை. அவளுடைய கவலை வேறு.

கவலை என்னவென்றால், ஆடுகள் படுக்கவில்லை. ஊளை எழும்பியதும் எழுந்து நிற்கிறவை விடிகிறவரை நின்றபடியே நின்றன. மறுநாள் மேய்ச்சலில் வாய் வைக்கவில்லை. கிடையில் முக்கால்வாசி சினையாடு, தை மாசத்து ஈத்துக்குத்தான் அந்தக் குடும்பம் வருஷம் முழுக்கக் காத்துக்கிடப்பது. மார்கழிப் பிறப்பில் ஓர் ஆடு நாள் நிறையாமலே குட்டி வீசியது. அடுத்து ஒன்று. பிறகு, அவள் கையால் பாலூட்டி வளர்த்து, பேர் சொன்னால் திரும்புகிற சுட்டியாடு, மயிர்கூட முளைக்காத குட்டியைப் போட்டுவிட்டு அதை நக்கி நக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றது. பொன்னழகு அந்தக் குட்டியை மடியில் கட்டிக்கொண்டுபோய்ப் புதைத்தாள். இப்படியே போனால் தையில் கிடை இருக்கும், குட்டி இருக்காது. குட்டியில்லாத கிடைக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

அன்று மாலை வெள்ளைச்சாமி அம்பலம் நாலு பேரோடு கிடைக்கு வந்தார். ஊர்த்தலைமை அவருடையது. பொன்னழகின் புருஷன் மலைச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வீரணக் கீதாரி ஓநாயை ஒழித்த நாளிலிருந்து அவர்களுக்கு ஓநாய்க்கட்டு வீடு என்று பெயர். கோயில் திருவிழாவான மாசிக் களரியில் சாமிக்கு அடுத்தபடி முதல் பரிவட்டம் அந்த வீட்டுக்குத்தான் கட்டுவார்கள். வருஷம் முழுக்கப் புழுதியில் கிடக்கிற மலைச்சாமி அந்த ஒரு நாள், தலையில் பட்டுத்துணியோடு, ஊர் பார்க்க நிமிர்ந்து நடப்பான்.

"மலைச்சாமி, ஒங்கப்பன் செஞ்ச வேலைக்குத்தான் ஊரு ஒங்களுக்கு மொத மரியாதை குடுக்குது" என்றார் அம்பலம். "அதுல மிச்சம் இருந்துருச்சு போல. இது ஒங்க வீட்டு வேலைதானப்பா. முடிச்சு விட்ரு."

"முடிச்சுருவோம் ஐயா" என்றான் மலைச்சாமி.

தாழையேந்தல்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. வாத்துக்கு வளை கிடையாது, அடைக்க வாய் கிடையாது. ஆனாலும் ஓநாய் என்றால் மூட்டம், மூட்டம் என்றால் ஓநாய்க்கட்டு வீடு என்று அவர்களுக்குப் பழகிவிட்டது, அதனால் தண்ணீருக்கு நடுவே புகை போடுவது பற்றி ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பொன்னழகுக்கும் அப்போது வரவில்லை. மூன்று குட்டிகளைப் புதைத்த கை அவளுடையது, மிளகாய் வத்தலை அவளே காயவைத்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் உச்சிவெயில் சாய்ந்த நேரத்தில் இரண்டு பேரும் போனார்கள். மீன் பிடிக்கிறவர்கள் மிதக்கவிடுகிற லாரி ட்யூப்பின் மேல் பலகை போட்டு, பலகையில் மண்சட்டி, சட்டியில் எருமுட்டைக் கங்கு, பக்கத்தில் வேப்பந்தழை, ஒரு பை வத்தல். மலைச்சாமி முன்னால் இழுக்க, அவள் கழுத்தளவு தண்ணீரில் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். கரையில் அவர்களுடைய ஆடுகள் நின்றன, ஆடுகளுக்குப் பின்னால் ஊர் நின்றது.

கோரையை விலக்கியதும் வாத்துகள் இருந்தன. கை நீட்டினால் தொடுகிற தூரம். அவை பறக்கவில்லை. சிறகுக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக எழும்பி, சிவந்த கண்ணால் அவர்களைப் பார்த்தது. இம்புட்டுக்காணு உடம்பு, இதற்குள் எப்படி அம்மாம்பெரிய சத்தம் குடியிருக்கிறது என்று பொன்னழகு நினைக்கும்போதே, மலைச்சாமி வத்தலை அள்ளிக் கங்குக்கு மேலே கையை நீட்டும்போதே, முன்னாலிருந்த ஆண் வாத்து கழுத்தை நீட்டி அலகைத் திறந்தது.

இதுவரை கரையில் இருந்து கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த ஊளை முதலில் தண்ணீருக்குள் இறங்கிக் காலில் ஏறி, வயிற்றில் நின்று, நெஞ்சில் விரிந்து, பிறகுதான் காதுக்கு வந்தது. அது எழும்ப எழும்ப வெயில் மங்கியது. சீமைக்கருவேலம் இல்லாத, உடைமரமும் வெள்ளைப்புல்லும் காற்றில் சாய்ந்து கிடக்கிற அந்தக் காலத்துப் பொட்டல் அவள் கண்முன்னால் அடிவானம்வரை விரிந்தது. அந்தப் புல்லுக்குள் சாம்பல் நிற முதுகுகள் ஓடின, ஒன்றின் பின் ஒன்றாக, அவசரமில்லாமல், தங்கள் வீட்டு முற்றத்தில் நடக்கிறவர்களைப்போல. இவ்வளவு பெரிய அழகை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஐயோ என்று இருந்தது அவளுக்கு, அழுகையாக வந்தது. ஊளை மெல்ல இறங்கி, மெலிந்து, அற்றுப்போனது. அப்புறம் அந்த வாத்து ஒரு காரியம் செய்தது. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, அசையாமல், அப்படியே இருந்தது.

"ஏங்க, போட்டுறாதீங்க" என்றாள்.

"என்ன புள்ள?"

"அதைப் பாருங்க. கூப்பிட்டுட்டு நிக்கிது. குட்டியத் தொலைச்ச ஆடு கத்திட்டு இப்பிடித்தான் நிக்கும். பயங்காட்டுறதுன்னா கத்திக்கிட்டேல்ல இருக்கும்? இது காது குடுத்து நிக்கிதுங்க."

மலைச்சாமியின் கை கங்குக்கு மேலேயே நின்றது. வத்தல் ஒன்றிரண்டு நழுவி விழுந்து பொரிந்தன. அவன் இருமினான், கண்ணைத் துடைத்தான், பிறகு அவள் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"அப்பா வளைய அடைச்சப்ப தாய் உள்ள இல்லையாம். எரை தேடப் போயிருந்துச்சாம். வந்து பொட்டல்ல நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சாம், கூப்பிட்டுட்டுக் காது குடுத்து நிக்குமாம். சாகையில எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. ஊருக்குச் சொல்லாதடான்னாரு."

பொன்னழகு தண்ணீரில் நின்றபடி இரண்டு கையையும் வாயோரம் குவித்தாள். தொலைந்த குட்டியைத் தேடிக் காடுமேடெல்லாம் அலையும்போது எழுப்புவாளே, அந்த நெடுங்குரலை எழுப்பினாள். அதில் வார்த்தை கிடையாது. நான் இங்கேதான் இருக்கிறேன், முழித்துத்தான் இருக்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம், எந்த ஆட்டுக்கும் அது தெரியும். குரல் தண்ணீர்மேல் போய்க் கரையில் மோதித் திரும்பிற்று. வாத்து தலையை நிமிர்த்தியது. பிறகு அத்தனை வாத்தும் கழுத்தை நீட்டி ஒரே சமயத்தில் ஊளையிட்டன, அவள் பதில் சொன்னாள், அவை கேட்டன, மறுபடி அவள் சொன்னாள். மலைச்சாமி சட்டியைத் தண்ணீரில் கவிழ்த்தான்.

கரையில் இருந்தவர்களுக்குக் கோரைக்குள் நடந்தது தெரியாது, ஊளையும் பொன்னழகின் குரலும் மாறி மாறிக் கேட்டதுதான். அவர்கள் பார்த்தது ஆடுகளைத்தான். வட்டமாக விறைத்து நின்ற ஆடுகளில் ஒரு கிழட்டுக் கிடா முதலில் முன்காலை மடித்துப் படுத்தது. பக்கத்து ஆடு படுத்தது. அலை இறங்குகிற மாதிரி கிடை முழுதும் படுத்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு, சாவகாசமாக அசைபோட ஆரம்பித்தது. அவற்றை நிற்கவைத்திருந்தது ஊளை இல்லை, ஊளைக்கு ஒரு மனுஷக்குரலும் பதில் சொல்லாததுதான் என்று அப்போது ஊருக்கு விளங்கியது.

"ஓநாய்க்குப் பதில் சொல்ற ஊரு ஒலகத்துல எங்கயாச்சும் உண்டாய்யா?" என்று அம்பலம் இரைந்தார். ஆனால் அவருக்கும் அந்தக் கிடையில் பத்துப் பன்னிரண்டு ஆடு உண்டு, அதனால் ரொம்ப நேரம் இரையவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் முறைக்காரர் கண்மாய்க்கரையில் நின்று, வாத்து கூப்பிட்டால் பதில் கொடுக்க வேண்டும். சவரிமுத்து தன் முறைக்கு ஆட்டோவைக் கரைமேல் ஏற்றி ஹாரனை அடித்தான். வாத்துகள் வாயை மூடிக்கொண்டன, ஆடுகள் எழுந்து நின்றுவிட்டன. ஊரே ஏச, அவன் இறங்கி வெட்கத்தோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட வெட்கம் போய், முறை முடிந்த பிறகும் கரையை விட்டு வர மறுத்தான். மாயழகின் சம்சாரத்துக்கு இப்படியொரு சாரீரம் இருக்கிறதென்று மாயழகுக்கே அப்போதுதான் தெரிந்தது. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டு முறை என்பதால் ஒன்றாக நிற்க வேண்டியதாகி, இருவரும் வாத்தோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பினார்கள். இன்னொரு நல்லதும் நடந்தது. மற்ற வருஷங்களில் வலையில் சிக்கியே நாலைந்து வாத்து செத்துப்போகும், இந்த வருஷம் ஓநாய் இருக்கிற தண்ணீரில் வலை போட எவனுக்கும் கை வரவில்லை. உயிரோடு இருந்த நாளெல்லாம் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாத ஓநாய், இல்லாமல் போன பிறகு இந்தச் சாதுப் பறவைக்குக் காவல் நின்றது. தையில் பொன்னழகின் ஆடுகள் ஈன்றன, சுட்டியாடும் குட்டி வீசிய மற்ற இரண்டும் மட்டும் அந்த வருஷம் சும்மா இருந்தன.

மாசிக் களரி வந்தது. கோயில் வாசலில் அம்பலம் பட்டுத்துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஓநாய்க்கட்டு வீடு!" என்று கூப்பிட்டார். மலைச்சாமி போகவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும் கூட்டத்தில் இருந்தபடியே கும்பிட்டான்.

"ஓநாய முடிச்சதுக்குத்தானே ஐயா அந்த மரியாதை? அது இன்னும் முடியலையே. அந்தி சாஞ்சா நீங்களும்தான கேக்குறீங்க. முடியாத வேலைக்கு நான் எப்பிடித் துணி கட்டுறது?"

ஆண்பிள்ளை ஒருத்தன் தன் தலையிலிருந்து தானாக ஒரு மரியாதையை இறக்கிவைத்ததை அந்த ஊர் பார்த்ததில்லை. பொன்னழகுக்குத் தன் புருஷன்மேல் அப்படியொரு ஆசை பொங்கிற்று. அம்பலம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கடைசியில் கண்மாய் மடைக்கு நடந்துபோய், மடைக்கல்லின் தலையில் அதைக் கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போலத் திரும்பி வந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பங்குனியில் காற்று திரும்பியது. இன்றோ நாளையோ வாத்துகள் கிளம்பிவிடும் என்று ஊருக்குத் தெரிந்தது, கூப்பிடாமலே எல்லோரும் கரைக்கு வந்தார்கள். அன்றைக்கு ஓநாய்க்கட்டு வீட்டு முறை. சூரியன் பொட்டலுக்குப் பின்னால் இறங்கியதும், வாத்துகள் தண்ணீரில் தடதடவென்று ஓடி எழும்பி, ஒரு வட்டம் அடித்து, வந்தவை அத்தனையும் ஒன்று குறையாமல், ஒரு சத்தமும் இல்லாமல் வடக்கே போய்ப் புள்ளியாகி மறைந்தன. அடுத்த வருஷம் எத்தனை வரும், வருமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுந்தண்ணீர்மேல், அதை எழுப்ப ஒரு வாத்தும் இல்லாமல், ஊளை எழும்பிற்று. போகிறவை அதைக் கொண்டுபோகவில்லை, இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தன.

பொன்னழகு கையைக் குவித்துப் பதில் கொடுத்தாள். அவள் குரல் முடியவில்லை, அதற்குள் மேற்கே பொட்டலில் இருந்து இன்னொரு பதில் வந்தது.

அது மனுஷக்குரல் இல்லை. டிராக்டருக்கு அடியில் கிடந்த நாய்கள் எல்லாம் வெளியே வந்து, வாலை நிமிர்த்திக்கொண்டு மேற்கே பார்த்துக் குரைத்தன. ஊர் மொத்தமும் திரும்பியது. கருவேலங்காட்டுக்கு மேலே வானம் சிவந்து கிடந்தது, வேறொன்றும் தெரியவில்லை. மறுபடி அது கூப்பிட்டது. வீரியமான, ஈரமான, பசியுள்ள குரல், கூப்பிட்டுவிட்டு அது காது கொடுத்து நிற்பதுகூட இங்கே கேட்டது. கரையில் யாரோ விம்மினார்கள். மாயழகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்பலம் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பொன்னழகு கரையிலிருந்து இறங்கி ஓடினாள். தை ஈத்துக் குட்டிகள் பட்டிக்கு வெளியே துள்ளிக்கொண்டிருந்தன, அவற்றை வாரி வாரி உள்ளே போட்டாள், படலை இழுத்துச் சாத்தினாள், எப்போதும் போடுகிற கயிறு போதாதென்று இடுப்பில் இருந்த துண்டையும் அவிழ்த்துச் சேர்த்து முடிந்தாள். கண்ணீர் மூக்கில் வழிந்து வாயில் இறங்கியது. பின்னாலேயே ஓடிவந்த மலைச்சாமி அவள் முகத்தைப் பார்த்துப் பதறினான்.

"என்ன புள்ள அழுகுற? பயமா இருக்கா?"

"பயந்தாங்க" என்றாள் அவள், அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு. "ஆட்டுக்காரி இதுக்குத்தானங்க பயப்படணும்!" என்று சொல்லிவிட்டு, முடிச்சை இன்னும் ஒரு தடவை இறுக்கினாள்.